ஆடிட்டர் வீட்டில் ஒண்டிக் குடித்தனம்

"சூரியநெல்லியில நாங்க கம்பெனி க்வார்ட்டர்ஸ்ல இருந்தோம்னு எல்லாரும் நெனச்சுண்டிருக்கா. அதெல்லாம் இல்லை நாணு. ஒரு நாயோட ஆத்துல ஒண்டிக் குடித்தனம் இருந்தோம். நாலு வருஷம். வாடகை கேக்கலை, காலி பண்ணச் சொல்லலை. அந்த மாதிரி ஒரு வீட்டுக்காரன் இந்தப் பாலக்காட்டுல கிடைப்பானா சொல்லு."

துரைசுவாமி இதை உட்கார்ந்துகொண்டு சொல்லவில்லை. ரிடயராகி மலையை விட்டு இறங்கியதிலிருந்து அவருக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்வதில்லை. கையில் நீளமான மூங்கில் கழியை வைத்துக்கொண்டு பின்முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். தரையில் பழைய வேட்டி விரித்து, அதன்மேல் பாலக்காட்டில் கொண்டாட்டம் என்கிற அரிசி வடாம் வெயிலில் காய்ந்தது. காக்கை விரட்டுவது அவர் பொறுப்பு. முப்பது வருஷம் தேயிலைத் தோட்டங்களில் ஹெட் கிளார்க்காக இருந்தவருக்கு வீட்டில் கிடைத்த உத்தியோகம் அது ஒன்றுதான்.

நாணு அவர் மனைவி சேஷம்மாளின் தம்பி. தமிழ்நாட்டு எல்லையில் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் வேலை. நாள் முழுக்க லாரிக்காரர்கள் சொல்வதில் எதையும் நம்பக் கூடாது என்று சம்பளம் வாங்குகிறவன். அதனாலேயோ என்னவோ, லீவு நாளில் அக்கா வீட்டுக்கு வந்தால் யார் என்ன சொன்னாலும் நம்பிவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிப்பான்.

"வீட்டுக்கார நாய்க்குப் பேரென்ன அத்திம்பேரே?"

"ஆடிட்டர்."

முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து வடாம் பிழியும் நாழியைத் திருகிக்கொண்டிருந்த சேஷம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்படி ஒரு நாயே கிடையாது" என்றாள்.

ஊரில் இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் பாதியாவது நம்பினார்கள். ரேஷன் கடைக்காரன் முழுசும் நம்பினான். ஒரு வார்த்தையும் நம்பாதவள், அதே வீட்டில் அதே நாலு வருஷமும் குடியிருந்த சேஷம்மாள் ஒருத்திதான்.

துரைசுவாமி கழியைச் சுழற்றி ஒரு காக்கையை ஓட்டிவிட்டு ஆரம்பித்தார். சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. எந்த இடத்தில் சேஷம்மாளின் நாழி வேகமாகச் சுற்றும், எந்த இடத்தில் மெதுவாகும் என்றுகூட அவருக்குத் தெரியும். அவர் பேச்செல்லாம் நாணுவிடம். காது மட்டும் நாழியிடம்.

எமர்ஜென்சிக்கு ரெண்டு மூணு வருஷம் முந்தி அவரை ஏலப்பாறையிலிருந்து சூரியநெல்லிக்கு மாற்றினார்கள். லாரி வந்து சேர்ந்து தார்ப்பாயை அவிழ்த்தால், ஆட்டுக்கல்லுக்கும் பாய்ச்சுருட்டுக்கும் நடுவில் ஒரு செவலைக் குட்டி உட்கார்ந்திருந்தது. யார் ஏற்றியது என்று டிரைவருக்கும் தெரியவில்லை. ஆனால் ஏறினது சும்மா வரவில்லை. வழி நெடுக வேலை பார்த்துக்கொண்டே வந்திருந்தது. ஏலப்பாறையில் ஏற்றும்போது ஆறடிப் பாயாக இருந்தது, சூரியநெல்லியில் இறக்கும்போது தலையணை உறை அளவுக்கு வந்துவிட்டது. சாய்வு நாற்காலிக்கு ஒரு கால் குறைந்திருந்தது. குட்டி கீழே குதித்ததும் நேராக வீட்டுக்குள் போய் ஒவ்வொரு அறையாக மோந்து பார்த்தது. எதைப் பார்த்தாலும் திருப்தியில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுத்ததற்குப் போயிற்று. கம்பெனிக் கணக்கைப் பார்க்க வருஷா வருஷம் வருகிறவரைத் தவிர அப்படி ஒரு பிராணியைத் துரைசுவாமி கண்டதில்லை. அதனால் வைத்த பெயர்.

அந்த ஊரின் காற்று வேறு. தகரக் கூரையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். கதவு தானாகத் திறக்கும், தானாக அடைக்கும். எதையாவது எங்கேயாவது வைத்தால் வைத்த இடத்தில் இருக்காது. அந்தக் காற்றே உடம்பும் நாலு காலும் எடுத்து வந்தது போல ஆடிட்டர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு நிமிஷம் படுக்காது. படுத்தால் அதன் தாடை படுக்காது. துரைசுவாமியின் குடைக்கு வளைந்த பிரம்புக் கைப்பிடி இருந்தது. மறுநாள் குடை இருந்தது, கைப்பிடி இல்லை. செருப்பு போயிற்று. டிரான்சிஸ்டரின் தோலுறை போயிற்று. முறம் போயிற்று. உட்கார்ந்து சாப்பிடும் மணை ரெண்டும் நாளடைவில் தேய்ந்து, கடைசியில் தேங்காய்ச் சில் அளவுக்கு வந்தன. ஒருநாள் துரைசுவாமி ஆபீஸுக்கு வேட்டியோடு கிளம்பி, போய்ச் சேரும்போது துண்டோடு நின்றாராம்.

"இதெல்லாம் வெறுதே சொல்றது" என்றாள் சேஷம்மாள். "வேட்டியை முள்ளு கிழிச்சுது."

"நாய்தான் இல்லையே, முள்ளு எப்படித் தெரியும் நோக்கு?"

நாழி கொஞ்சம் வேகமாகச் சுற்றியது.

நாய் கடிப்பது உலக வழக்கம். ஆனால் கடித்த சாமான் நாய்க்கே சொந்தமாகிப் போவது அந்த ஒரு வீட்டில்தான் நடந்தது. காரணம் சேஷம்மாளின் சட்டம். நாய் வாய் வைத்த எதுவும் எச்சில். எச்சில் பட்டது மறுபடி வீட்டுச் சாமான் ஆகாது. பித்தளை, வெண்கலம், வெள்ளி என்றால் புளி போட்டுத் தேய்த்து, தணலில் காட்டி உள்ளே எடுத்துக்கொள்வாள். மரம், மூங்கில், ஓலை, துணி, தோல் இதுகளுக்கு மன்னிப்புக் கிடையாது. அந்த நாயை அவள் விரல் நுனியால்கூடத் தொட்டதில்லை. அது பக்கத்தில் வந்தால் நடையின் அந்தக் கோடிக்கு ஒதுங்குவாள். நாயும் இதைச் சீக்கிரம் தெரிந்துகொண்டது. வேண்டும் என்று தோன்றுவதில் எல்லாம் ஒரு பல் பதித்துவிட்டுப் போகும். ரிஜிஸ்திரார் ஆபீஸில் கையெழுத்துப் போடுவதுபோல.

கைவிட்ட சாமானெல்லாம் லயத்துக்குப் போயிற்று. கொழுந்து கிள்ளும் பெண்களும் ஆட்களும் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் வீடுகள்தான் லயம். அங்கிருந்து சாந்தம்மாள் என்பவள் தினம் விறகு கொண்டுவந்து போடுவாள். போகும்போது பல் பட்டதை எடுத்துப் போவாள். கொஞ்ச நாளில் அவளுக்கு ருசி கண்டுவிட்டது.

"அம்மா, இன்னைக்கு ஆடிட்டர் ஒண்ணும் கடிக்கலியா?"

"இல்லை."

"ஒடம்புக்குச் சொகமில்லியோ என்னமோ. நல்லாக் கடிக்கிற பிள்ளையாச்சே. எதுக்கும் அந்தப் பச்சைக் கரைச் சேலைய எட்ட வையுங்கம்மா, அது மேல அதுக்கு ஒரு கண்ணு கெடக்கு."

பச்சைக் கரைப் புடவை அந்த வாரமே போயிற்று. அதன் முந்தானையில் கருவாட்டு வாசனை அடித்தது என்று துரைசுவாமி இன்றைக்கும் சத்தியம் செய்வார். சாந்தம்மாள் வீட்டுக்குள் நுழைந்தால் தன் வீட்டுக்குள் நுழைந்தது போலவே இருக்கும் என்பார். தன் வீட்டுக்குள் நுழைந்தால்தான் யாரோ காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருக்குமாம்.

"வைத்தியம் பண்ணிப் பாக்கலையா?" என்றான் நாணு.

பார்க்காமல் என்ன. மேஜைக் காலில் மிளகாய் அரைத்துப் பூசினார்கள். நாய் நக்கித் தீர்த்துவிட்டுத் தயிர் சாதம் கேட்டது. வேப்பெண்ணெய் தடவினார்கள், நாய்க்கு ரோமம் பளபளவென்று வந்தது, மேஜைக்குக் கால் போயிற்று. பெருங்காயம் கரைத்துத் தெளித்தார்கள். அன்றைக்கே அது பெருங்காய டப்பாவைத் தேடிக் கண்டுபிடித்து, கட்டிப் பெருங்காயத்தை முழுசாகத் தின்றது. அப்புறம் வெகு நாள் அது குரைத்தால் சாம்பார் வாசனை வரும். அதன் பின்னால் லயத்து நாய்களெல்லாம் பந்திக்கு வருவதுபோல வரிசையில் வரும்.

நிஜமான மருந்து என்ன என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். துரைசுவாமிக்கும் தெரியும். பல் ஊறுகிற நாய்க்கு ஒரு எலும்பு வேண்டும். இந்த வீட்டிலோ அதற்கு ரசம் சாதம், தயிர் சாதம், ஏகாதசியானால் அரிசி உப்புமா. அடை வார்த்த அன்றைக்கு மட்டும் கடிக்க ஏதோ கிடைத்ததென்று அது கொஞ்சம் சாந்தமாக இருக்கும். எலும்பு என்ற சொல்லை அந்தக் கூரைக்குக் கீழே யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அந்தச் சொல்லையும் புளி போட்டுத் தேய்க்க வேண்டிவரும்.

கடைசியாக மடிக்கோல் போயிற்று. ஈரப் புடவையை யார் கையும் படாமல் உயரக் கொடியில் போடவும் எடுக்கவும் வைத்திருந்த அந்த மூங்கில் கோலை ஆடிட்டர் நடுவில் ரெண்டாக முறித்து ஒரு பாதியைத் தான் படுக்கும் சாக்குக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டது. மிச்சம் பல் படாமல் இருந்தது ஆட்டுக்கல்லும் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும்தான். அப்புறம் ஒருநாள் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த துரைசுவாமியின் குதிகாலில் அது செல்லமாக ஒரு பல் வைத்தது.

"சட்டப்படி நானும் போயாச்சு நாணு. உங்கக்கா என்னையும் லயத்துக்கு அனுப்பிடுவாளோன்னு பயம். சாந்தம்மாள் வேற விறகோட நின்னுண்டு என்னை ஏற இறங்கப் பாக்கறா. நல்ல வேளை, நான் அவளுக்கு வேண்டாம்னுட்டா."

நாணுவுக்குக் காப்பி புரையேறியது. சேஷம்மாள் உதட்டை மடித்துக்கொண்டாள். சிரிப்பை மறைத்தாளா, கோபத்தை மறைத்தாளா என்று தெரியவில்லை. ஆனால் இதற்குப் பிறகு என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். நாழியில் மாவு இருந்தது. திருகும் கைதான் தயங்கித் தயங்கிப் போயிற்று.

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு வெறிநாய் வந்து கீழ் லயத்தில் ஒரு கன்றுக்குட்டியைக் கடித்துவிட்டது. கன்று செத்தது. தோட்டமே பதறிப் போயிற்று. விடிகாலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் மானேஜர் துரை நின்று உத்தரவு போட்டார். நாய் வைத்திருப்பவர்கள் ஆபீஸில் பித்தளை வில்லை வாங்கிக் கழுத்தில் கட்ட வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வில்லை இல்லாத நாய் எல்லாவற்றையும் வாச்சர் சந்தனம் சுட்டுவிடுவான். ஒரே ஒரு விலக்கு: வில்லை இல்லாவிட்டாலும் வீட்டுக்காரர் யாராவது நாயைத் தன் கையால் பிடித்துக்கொண்டிருந்தால் விட்டுவிடலாம். வெறிநாயை எவனும் கையில் பிடிக்க மாட்டான் என்பது துரையின் கணக்கு. கயிற்றில் கட்டிப்போட்டால் செல்லாது.

வில்லைகளைக் கொடுக்கிறவர் துரைசுவாமி. முதல் வில்லையே ஆடிட்டருக்குத்தான். தோல் பட்டையில் கோத்துக் கட்டினார். சாயங்காலம் பட்டையும் இல்லை, வில்லையும் இல்லை, நாய் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்றைக் கயிற்றுப் பட்டையில் கட்டினார். அதுவும் போயிற்று. சாக்குத் துணியில் தைத்தார். சாக்குத் துணி அதற்கு அல்வா. லயத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

"கிளார்க்கையா நாய் வில்லைய முழுங்குது, எங்க நாய்க்கு வில்லை இல்லங்காக. இது என்னா ஞாயம்யா?"

ஞாயம் இல்லைதான். வில்லை தீர்ந்துவிட்டது. துரை காதுக்கும் போயிற்று. "சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், துரைசுவாமி" என்றார் அவர்.

அந்த வாரத்தில் துரைசுவாமிக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கூட்டின கணக்கையே திரும்பக் கூட்டினார். கூட்டும்போதெல்லாம் வேறு தொகை வந்தது. நாயைப் போடி பக்கம் கொழுந்து லாரியில் ஏற்றி அனுப்பலாமா என்று பார்த்தார். லாரி டிரைவர் தன் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு முடியாது என்றான். கோவிந்தாபுரத்துக்கு டிரங்க்கால் போட்டு மைத்துனனைக் கேட்டார்.

"ஞாபகம் இருக்கு" என்றான் நாணு. "நான் என்ன பண்றது அத்திம்பேரே. அது வந்தா செக்போஸ்ட் மூங்கிலைக் கடிச்சுப்பிடும். அப்புறம் ரெண்டு ஸ்டேட்டும் ஒண்ணாப் போயிடும்."

வீட்டுக்குள் நடைதான். துரைசுவாமி முன்னறையிலிருந்து பின்கட்டுக்கு நடப்பார். எதிரே ஆடிட்டர் பின்கட்டிலிருந்து முன்னறைக்கு வரும். ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்வார்கள், விலகிக்கொள்வார்கள், மறுபடி நடப்பார்கள். காற்று தகரத்தை உலுக்கிக்கொண்டே இருந்தது.

"போனா போகட்டும். பீடை விட்டுது" என்று சேஷம்மாள் அந்த வாரம் எத்தனையோ தடவை சொன்னாள். கேட்காமலே சொன்னாள். அடுப்படியில் யாரும் இல்லாதபோதுகூடச் சொல்லிக்கொண்டாள். நாய்க்குப் போடும் சாதத்தில் தயிர் மட்டும் என்றைக்கும் இல்லாத தாராளமாக இருந்தது.

துரைசுவாமியின் திட்டம் எளிது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் தானே நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பது. உட்கார்ந்தும் விட்டார். கீழ் லயத்தில் முதல் வெடிச் சத்தம் கேட்டது. அதே நேரம் ஆபீஸிலிருந்து ஆள் ஓடி வந்தான். கொச்சியிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்திறங்கியிருக்கிறார்கள், துரை கூப்பிடுகிறார், இப்போதே வர வேண்டும். அவர் நாயை முன்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். அடுக்களை வாசலில் நின்று, "சேஷா, சந்தனம் வந்தா நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வை" என்றார். அன்றைக்குத் துவாதசி. முந்தின நாள் முழுக்கப் பட்டினி இருந்து, விடிகாலையில் குளித்து, மடிப்புடவையில் பாரணைக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். அந்த மடியில் இருக்கும்போது அவள் புருஷனையே நாலடி தள்ளி நிற்கச் சொல்கிறவள்.

இதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று துரைசுவாமிக்கு இன்றுவரை தெரியாது.

வெயில் ஏறின பிறகு மூச்சு வாங்க ஓடி வந்தார். வழியில் சந்தனம் துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு எதிரே வந்தான். கேட்டதற்கு, "நான் ஒண்ணும் பாக்கலய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். வீட்டில் ஆடிட்டர் உயிரோடு இருந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் சேஷம்மாள் குளித்துக்கொண்டிருந்தாள். காலையில் குளித்தவள். கொடியில் அந்த மடிப்புடவை மறுபடி நனைத்துப் போட்டிருந்தது. அதில் செவலை ரோமம் ஒட்டியிருந்த மாதிரி அவருக்குத் தோன்றியது. எம்பிப் பார்ப்பதற்குள் அவள் குளித்து வந்து புடவையை எடுத்துவிட்டாள். "தெரியாது. வந்தான், போனான்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பாலக்காட்டுக்கு வந்து சேர்ந்ததும் அந்த ஒரு வார்த்தையும் போய், நாயே கிடையாது என்றாகிவிட்டது.

அதனால்தான் துரைசுவாமி இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு புதுப் பொய் போட்டுப் பார்ப்பார். ஒரு தடவை துப்பாக்கி நனைந்துபோயிற்று என்றார். ஒரு தடவை சிறுத்தை வந்தது என்றார். ரேஷன் கடைக்காரனிடம் சொன்னபோது ஆடிட்டர் தோட்டாவையே கடித்துத் துப்பிவிட்டது. எந்தப் பொய்க்கும் சேஷம்மாள் அசையவில்லை.

இன்றைக்கு அவர் கழியைச் சுவரில் சாத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"துரைகிட்ட சொன்னேன் நாணு. உங்க கம்பெனி உங்களோட இருக்கட்டும், என் நாய் என்னோட. கிளம்பிட்டேன். பாதையில வரலை; தேயிலைச் செடி மேலயே ஓடி வந்தேன். கால் தரையில படலை. ஆபீஸ்லேர்ந்து ஆத்துக்கு மூணே தாவல். அங்க பார்த்தா, வாசல்ல ஆடிட்டர். எதிர்ல சந்தனம். விரல் விசையில. பாய்ஞ்சு குழாயைப் பிடிச்சு வானத்தைப் பாக்கத் தூக்கினேன். குண்டு போயிடுத்து. இப்பவும் எங்கயோ போயிண்டிருக்கும். சந்தனம் என் கால்ல விழுந்தான்."

"அக்கா எங்க இருந்தா?" என்றான் நாணு.

துரைசுவாமி ஓரக்கண்ணால் முற்றத்து ஓரத்தைப் பார்த்தார். கடைசிச் சீட்டைக் கீழே போடுகிறவரைப் போல மெதுவாகச் சொன்னார்.

"அவ என்ன பண்ணுவா. அடுக்களைக் கதவை உள்ள தாப்பாள் போட்டுண்டா. சுட்டாச் சுடட்டும், மடி கெடாம இருந்தாப் போறும்னு."

நாழி நின்றது.

சேஷம்மாள் நாழியைக் கீழே வைத்தாள். கையில் ஒட்டின மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள்.

"தாப்பாள் போடலை" என்றாள்.

கொண்டாட்டத்தின்மேல் வந்து இறங்கிய காக்கையைத் துரைசுவாமி ஓட்டவில்லை.

"இவர் தாவவும் இல்லை, ஓடி வரவும் இல்லை. துரைக்கு முன்னால கையைக் கட்டிண்டு நின்னுண்டிருந்தார், பாவம். நேக்கு அடுப்புல அகத்திக்கீரை. கீழ ஒரு வெடி. அப்புறம் நடு லயத்துல. ஒவ்வொண்ணா மேல ஏறி வரது. முன்னறைக் கதவைக் காத்து தொறந்து விட்டுடுத்து போலிருக்கு. திரும்பினா, அடுக்களைப் படிக்கு வெளில அது வந்து படுத்துண்டிருக்கு. அத்தனை நாள்ல ஒரு நாளும் அந்தப் படியைத் தாண்டினதில்லை. அன்னிக்கும் தாண்டலை. வாயில மடிக்கோல் துண்டு. கடிக்கலை நாணு. சும்மா வச்சுண்டு என்னையே பாத்துது. ஒரு நிமிஷம் சும்மா இருக்காத ஜென்மம், கடிக்கக்கூடத் தோணாம கிடந்துது. நேக்கு அதாக்கும் பொறுக்கலை."

நாணு டம்ளரைக் கீழே வைத்தான்.

"சந்தனம் வாசல்ல வந்துட்டான். 'அம்மா, வில்லை இருக்கா?'ன்னான். இல்லைன்னேன். 'ஐயா இருக்காகளா?' இல்லை. 'அப்ப யாராச்சும் கையில பிடிச்சிருக்கணுமேம்மா. நீங்க பிடிக்க மாட்டீக. நான் என்ன செய்ய?'ன்னான். நான் போய்ப் படியில உக்காந்து அதைப் பிடிச்சேன்."

"கையில துண்டு ஏதாவது சுத்திண்டியா?" என்றார் துரைசுவாமி.

"துண்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. வெறுங்கையால. கழுத்தைச் சேர்த்துக் கட்டிப் பிடிச்சேன். அது மேல ஏறி என் மடியில உக்காந்துண்டு, மோவாய்க்கட்டையிலேர்ந்து நெத்தி வரைக்கும் ஒரே நக்கு. குங்குமம் போயிடுத்து. சந்தனம் அந்தப் பக்கம் திரும்பிண்டான். 'நான் ஒண்ணும் பாக்கலம்மா'ன்னான். பாத்ததாச் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிண்டேன். அப்புறம், ஞாயித்துக்கிழமை தோறும் வேலிக்கு அந்தப் பக்கம் அதுக்கு ஏதாவது போடுன்னும் சொன்னேன். என்னன்னு நான் சொல்லலை. அவனும் கேக்கலை."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஆடிட்டர் வீட்டில் எதையும் கடிக்கவில்லை என்பது துரைசுவாமிக்கு ஞாபகம் வந்தது. அது தன் கண்டிப்பினால்தான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். சாந்தம்மாள்கூட அப்புறம் வெறுங்கையோடு திரும்பிப் போய்ப் போய், ஒருநாள் நாயின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். ரிடயராகி மலையிறங்கும்போது ஆடிட்டரைக் கூட்டி வர முடியவில்லை. அது தன் வீட்டை விட்டு வர மறுத்து வாசலில் உட்கார்ந்துவிட்டது. புதுக் கிளார்க்கின் பெட்டி படுக்கையை அது மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் லாரி கிளம்பியது.

"அப்போ நாய் இருந்துதுன்னு நீயும் ஒத்துக்கறே" என்றான் நாணு.

"இருந்துது."

"அக்கா, நீ பிடிச்சுண்டே."

"பிடிச்சுண்டேன். நடந்ததுதான். எல்லாம் நடந்துது. வீடு அதோடதுங்கறதும் நெஜம்தான்." சேஷம்மாள் நாழியை மறுபடி எடுத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "ஆனா ஒண்டிக் குடித்தனம் இருந்தது இவர் மாத்திரமாக்கும். இவரைக் குதிகால்ல ஒரு பல்லு வச்சதோட சரி, என்னை முகம் முழுக்க எச்சில் பண்ணிடுத்தே. நான் அந்த ஆத்து மனுஷி. கழியை எடுங்கோ, காக்கா பாதியைத் தின்னுடுத்து."